உஷார்! கைப்பேசி காட்டும் நேரத்தை நம்பிக் கரையில் திரியாதீர்கள்

சிங்கப்பூரில் கப்பல் ஏறி, பினாங்கையும் ஃபூக்கெட்டையும் பார்த்துவிட்டுத் திரும்பும் சுற்றுலாவுக்கு இப்போது நம் ஊரிலிருந்து பாட்டி, பேரன் சகிதம் குடும்பம் குடும்பமாகக் கிளம்புகிறார்கள். ஒவ்வொரு ஊரிலும் சில மணி நேரம் கரையில் இறக்கிவிடுவார்கள். கடலைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் அந்தச் சில மணி நேரத்தைப் பார்த்துத்தான் பயப்பட வேண்டும்.

ஃபூக்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தாய்லாந்தின் நேரம் சிங்கப்பூரைவிட ஒரு மணி நேரம் பின்னால். கப்பல் சிங்கப்பூர் நேரத்தையே வைத்துக்கொண்டு வந்திருக்கலாம். ஆனால் உங்கள் கைப்பேசி உள்ளூர் டவரைப் பிடித்ததுமே, உங்களைக் கேட்காமல், தாய்லாந்து நேரத்துக்குத் தாவிவிடும். 5 மணிக்குள் ஏறிவிட வேண்டும் என்று கப்பலில் சொல்லியிருப்பார்கள். அந்த 5 அடிக்கும்போது உங்கள் கைப்பேசியில் 4 தான். ‘இன்னும் ஒரு மணி நேரம் கிடக்கிறதே’ என்று நீங்கள் சட்டைக்குப் பேரம் பேசிக்கொண்டிருப்பீர்கள். அங்கே நங்கூரம் ஏறிக்கொண்டிருக்கும். ஸ்மார்ட் வாட்ச்சும் இதே துரோகத்தைத்தான் செய்யும். நேரம் தானாக மாறும் வசதியை இறங்குவதற்கு முன்பே அணைத்துவிடுங்கள். தாத்தாவின் பழைய கைக்கடிகாரம் இருந்தால் இன்னும் நல்லது. சில கப்பல்கள் உள்ளூர் நேரத்துக்கு மாறிக்கொள்வதும் உண்டு என்பதால், அன்றன்றைக்கு அறைக்கு வரும் தாளில் எந்த நேரம் போட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டு இறங்குங்கள்.

அதே ஃபூக்கெட்டில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது. பாதோங் கடற்கரையில் பெரிய கப்பல் கரையை ஒட்டி நிற்காது. கடலில் நங்கூரமிட்டு, சிறு படகுகளில் ஆட்களை ஏற்றி இறக்குவார்கள். ஆகவே உங்களுக்குக் கெடு கப்பல் கிளம்பும் நேரமல்ல, கடைசிப் படகின் நேரம். அதற்கும் வரிசை நிற்கும். அந்தக் கரையில் ஜெட் ஸ்கீ வாடகைக்கு எடுக்காதீர்கள். திரும்பிய பிறகு ஏதோ ஒரு பழைய கீறலைக் காட்டிப் பெருந்தொகை கேட்பது அங்கே பேர்போன மோசடி. நேரம் நெருக்குகிற கப்பல் பயணியால் நின்று வாதாட முடியாது என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

‘கொஞ்சம் தாமதமானால் காத்திருக்க மாட்டார்களா, இத்தனை பணம் கட்டியிருக்கிறோமே’ என்பவர்கள் 2024 மார்ச் கடைசியில் ஆப்பிரிக்காவை ஒட்டிய சாவ் தோமே தீவில் நடந்ததைக் கேளுங்கள். தனியாகச் சுற்றுலா ஏற்பாடு செய்துகொண்டு போன எட்டுப் பேர் தாமதமாகத் திரும்பினார்கள். ‘நார்வீஜியன் டான்’ கப்பல் அப்போதும் கண்ணெதிரே நங்கூரத்தில்தான் நின்றது. கடலோரக் காவல் படகில் பக்கத்திலேயே போய்க் கேட்டும் ஏற்றவில்லை. அவர்களில் ஒரு கர்ப்பிணியும் இருந்தார். அடுத்து காம்பியாவில் பிடித்துவிடலாம் என்று ஓடினார்கள். நீர்மட்டம் தாழ்ந்திருந்ததால் கப்பல் அங்கே வரவேயில்லை. நாடு நாடாகக் கடந்து செனகலின் டக்கார் போய்த்தான் பிடித்தார்கள். கப்பல் நிறுவனமே நடத்தும் சுற்றுலாவில் போயிருந்தால் பொதுவாகக் காத்திருப்பார்கள், அல்லது தங்கள் செலவில் கொண்டுவந்து சேர்ப்பார்கள். விலை அதிகம்தான். அந்த அதிகத் தொகை எதற்கென்று இப்போது புரிந்திருக்கும்.

பினாங்கில் கப்பல் ஸ்வெட்டன்ஹாம் துறையில், ஜார்ஜ் டவுனின் வாசலிலேயே நிற்கும். கார்ன்வாலிஸ் கோட்டை, லிட்டில் இந்தியா, குயின் தெரு மாரியம்மன் கோயில் எல்லாம் நடை தூரம். இங்கேயே நின்றுகொண்டால் கவலையில்லை. பினாங்கு மலைக்கும் போய்வரலாம் என்று ஆசைப்படும்போதுதான் வினை. மலை ரயிலில் ஏறுவதற்கு எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போடுகிறவர்கள், இறங்குவதற்கும் அதே ரயிலுக்கு வரிசை நிற்க வேண்டும் என்பதை மறந்துவிடுகிறார்கள். பள்ளி விடுமுறை நாளென்றால் கேட்கவே வேண்டாம். தண்ணீர்மலை முருகனைப் பார்க்க வேண்டுமென்றால் காலையில் முதல் வேலையாகப் போங்கள். 500-க்கும் மேற்பட்ட படிகள், அதுவும் பாட்டியோடு.

சில துறைமுகங்களின் பெயரே ஏமாற்றும். அட்டவணையில் ‘கோலாலம்பூர்’ என்றிருந்தால் கப்பல் நிற்பது போர்ட் கிளாங்கில். அங்கிருந்து நகரத்துக்குச் சாலையில் ஒரு மணி நேரமாவது ஆகும். ‘பாங்காக்’ என்றிருந்தால் பெரும்பாலும் லாம் சபாங். அது நூறு கிலோமீட்டருக்கும் மேல். போக ஆகும் நேரத்தை இரட்டிப்பாக்கி, அதற்கு மேல் ஒரு மணி நேரத்தை நெரிசலுக்கு ஒதுக்குங்கள். மிச்சம் ஒன்றும் தேறாவிட்டால் போகாதீர்கள்.

பாஸ்போர்ட்டைக் கப்பலில் வாங்கி வைத்துக்கொண்டு, கையில் அறை அட்டையை மட்டும் கொடுத்து அனுப்புவதுண்டு. அப்படியானால் பாஸ்போர்ட், விசா நகல்களும் ஒரு கிரெடிட் கார்டும் அவசர மருந்தும் உங்கள் பையில் இருக்கட்டும். சிங்கப்பூர் விசா ஒருமுறை நுழைவுக்கு மட்டும் உள்ளதா என்று வீட்டிலேயே பாருங்கள். கப்பல் சுற்றிவிட்டுத் திரும்பும்போது நீங்கள் அந்நாட்டுக்குள் மறுபடி நுழைகிறீர்கள். மின்னணு வருகை அட்டையையும் மறுபடி நிரப்ப வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் கப்பலைத் தவறவிட்டால், அழுதுகொண்டு வேறு படகு தேடி ஓடாதீர்கள். அறைக்கு வரும் அன்றைய தாளில் அந்தத் துறைமுக முகவரின் தொலைபேசி எண் அச்சாகியிருக்கும். காலையில் இறங்கும்போதே அதைப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். வராதவர்களின் பாஸ்போர்ட்டைக் கப்பல்காரர்கள் கிளம்புவதற்கு முன் பெரும்பாலும் அவரிடம்தான் ஒப்படைத்துவிட்டுப் போவார்கள். முதல் அழைப்பு அவருக்கு.