‘டாங்க்’ என்னும் சொல்: வன்னி நிலத்திலிருந்து ஒரு நோக்கு

அன்றாட வழக்கில் உள்ள சிறு சொற்களின் வரலாறு அவற்றின் வடிவத்தைப் போல எளிமையானதன்று. ஆங்கிலத்திலே வழங்கும் ‘டாங்க்’ என்னும் சொல் இதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாகும். இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் என்பன ஆங்கில நிலப்படங்களிலும் நீர்ப்பாசனப் பதிவேடுகளிலும் ‘டாங்க்’ என்றே குறிக்கப்படுகின்றன. வீட்டுக் கூரைமேல் உள்ள நீர்க்கலமும், மோட்டார் வண்டியின் எரிபொருட் கலமும், சங்கிலிப் பட்டையில் ஊரும் போர்க்கலமும் அதே பெயரையே பெறுகின்றன. அறிஞர் கூடி ஆய்வு நிகழ்த்தும் நிறுவனத்தையும் இச்சொல்லோடு ‘சிந்தனை’ என்பதைச் சேர்த்தே ஆங்கிலம் சுட்டுகின்றது. இப்பொருள்கள் யாவும் ஒரு சொல்லில் வந்து கூடியமை எவ்வாறு என்பதையும், அச்சொல் வன்னியின் நீர்நிலைகள்மீது படிந்தபோது நேர்ந்தது யாது என்பதையும் இங்கு நோக்குவோம்.

17ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த ஆங்கிலேய வணிகரின் எழுத்துக்களில் இச்சொல் நீர்த்தேக்கம் என்ற பொருளில் இடம்பெறுகின்றது. குசராத்தி, மராத்தி மொழிகளிலே நீர்த்தேக்கத்தைக் குறிக்கும் ஒத்த ஒலியுடைய சொற்கள் உள்ளன. மறுபுறம், போர்த்துக்கேய மொழியில் குளத்தைக் குறிக்கும் ‘தாங்க்கே’ என்னும் சொல், நீரோட்டத்தைத் தடுத்து நிறுத்துதல் என்னும் பொருளுடைய வினையோடு தொடர்புடையது. யூல், பேர்னல் ஆகிய இருவரும் தொகுத்து 1886இல் வெளிவந்த ‘ஹொப்சன்-ஜொப்சன்’ அகராதி இவ்விரு வழிகளையும் ஆராய்கின்றது. மேற்கிந்தியக் கரையிலே இரண்டும் ஒன்றையொன்று வலுப்படுத்தின எனக் கொள்வது பொருத்தமாகும்.

தமிழின் ‘தாங்கல்’ என்னும் சொல்லே இதற்கு மூலம் என்று கூறுவாரும் உளர். வேடந்தாங்கல், பழவந்தாங்கல் முதலிய தமிழக ஊர்ப்பெயர்களில் அச்சொல் நீர்நிலையைக் குறிப்பது உண்மையே. ஆயினும் ஒலியொப்புமை மட்டும் சொற்பிறப்புக்குச் சான்றாகாது. ஒரு சொல் எந்தத் துறைமுகத்தில், எவர் வாயில், எக்காலத்தில் வழங்கியது என்ற வரலாற்றுச் சான்றும் வேண்டும். அச்சான்று மேற்குக் கரையையே சுட்டுகின்றது. மொழிப்பற்று ஆய்வுமுறைக்கு மாற்றாக அமைதல் தகாது.

நீரின் பெயர் போர்க்கலத்துக்குச் சென்ற கதை இன்னும் வியப்புக்குரியது. முதலாம் உலகப் போரின்போது, 1915ஆம் ஆண்டின் இறுதியில், பிரித்தானியர் தாம் மறைவாக உருவாக்கிய கவச ஊர்திக்கு ஒரு மறைபெயரைத் தேடினர். இங்கிலாந்தின் லிங்கன் நகரத் தொழிற்சாலையில் உருவாகும் இரும்புக் கூடு மெசப்பொத்தேமியப் பாலைநிலத்துக்கு நீர் கொண்டு செல்லும் கலம் என்று பரப்பப்பட்டது. 1916 செப்டெம்பர் 15ஆம் நாள் பிரான்சின் சோம் போர்முனையில் அக்கலம் முதன்முதலாகக் களமிறங்கியது. மறைவு நீங்கிய பின்னரும் பெயர் நீங்கவில்லை. உயிர் காக்கும் நீரின் பெயர் உயிர் பறிக்கும் கருவிக்கு ஒரு பொய்யின் வழியாகவே வாய்த்தது.

இனி வன்னிக்கு வருவோம். இங்குள்ள ஊர்ப்பெயர்களே ஒரு நீரியல் அகராதியாகும். கனகராயன்குளம், மாங்குளம், செட்டிகுளம் என்பவற்றில் வரும் ‘குளம்’ கட்டு எழுப்பி மழைநீரைத் தேக்கிய பாசன நிலை. ‘மடு’ ஆழமான நீர்ப்பள்ளம். ‘மோட்டை’ சிறு நீர்நிலை. ‘கேணி’ அகழ்ந்து அமைத்த நீர்நிலை. நெடுங்கேணி இதனைப் பேணும் பெயர். ‘கட்டு’ அணையைச் சுட்டுவது. தண்ணிமுறிப்பில் வரும் ‘முறிப்பு’ கட்டு உடைந்த இடத்தைக் காட்டுவது. குளத்தின் உறுப்புக்களுக்கும் தனிப்பெயர்கள் உண்டு: மேலதிக நீர் வழிவது ‘வான்’; வயலுக்கு நீர் திறப்பது ‘துருசு’; நீர் தளும்பும் ஓரம் ‘அலைகரை’. நீரை எவ்வாறு தேக்குவது, எங்கு திறப்பது, எங்கு உடையும் என்ற உழைக்கும் மக்களின் அறிவு இச்சொற்களில் உறைந்துள்ளது.

குடியேற்ற ஆட்சியின் அலுவலர் வன்னியைப் பதிவு செய்தபோது இவ்வேறுபாடுகளை முற்றாக அறியாதிருந்தனர் என்று கூறல் முறையன்று. 1895இல் வன்னி மாவட்டங்களைப் பற்றிய கைநூலை வெளியிட்ட ஜே. பி. லூயிஸ் இங்குள்ள இடப்பெயர்களையும் ஆராய்ந்தவர். ஆயினும் நிர்வாகப் பட்டியலுக்கு ஒரே தலைப்பு வசதியாயிற்று. கனகராயன் ஆற்றை மறித்து, 1902இல் வேலை தொடங்கி எழுப்பப்பட்ட இரணைமடுப் பெருந்தேக்கமும், சிற்றூரார் தம் கையால் பேணிய மோட்டையும் ‘டாங்க்’ என்ற ஒரே சொல்லுள் அடங்கின. அளவும் வேறு, பயனும் வேறு, பராமரிக்கும் பொறுப்பும் வேறு என்பதைப் பட்டியல் உணர்த்தவில்லை.

ஈழத் தமிழ் வழக்கு இச்சொல்லைத் ‘தாங்கி’ என ஏற்றுக்கொண்டது. ஒலியும் ஒத்தது, ஏந்தி நிற்பது என்ற பொருளும் பொருந்திற்று. நீர்த்தாங்கி, எண்ணெய்த் தாங்கி என்பவற்றோடு யுத்த தாங்கி என்பதும் வழக்காயிற்று. ஆங்கிலச் சொல்லின் இரு முகங்களும் இவ்வாறு தமிழுக்குள்ளும் புகுந்தன.

அவ்விரு முகங்களும் வன்னி மண்ணிலேயே எதிர்ப்பட்டன. போரின் இறுதிக் கட்டத்தில் கிளிநொச்சி நகரின் பெரிய நீர்த்தாங்கி வீழ்த்தப்பட்டது. போர் முடிந்த பின்னர் அது பயணிகள் வந்து பார்க்கும் காட்சிப்பொருளாயிற்று. 2009 ஜனவரியில் கல்மடுக்குளத்தின் கட்டும் தகர்க்கப்பட்டது. பண்டைய குடிகள் ‘முறிப்பு’ என்று பெயரிட்ட நிலை மீண்டும் நேர்ந்தது. இம்முறை அதற்கு வெள்ளம் காரணமன்று, போர்.

பிறமொழிச் சொல்லைக் கொள்வதில் இழுக்கில்லை. ‘டாங்க்’ என்பதே பல மொழிகளின் கூட்டுப் படைப்பு. ஆனால் ஒரு சொல் வந்து ஆறு சொற்களை அழிக்குமாயின், அவற்றோடு அழிவது அறிவாகும். குளங்களைப் புனரமைக்கும் திட்டங்களும் ஆய்வேடுகளும் இன்றும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே எழுதப்படுகின்றன. அவற்றில் மோட்டையை மோட்டை என்றும், முறிப்பை முறிப்பு என்றும் பதிவு செய்தல் வெறும் மொழிப்பற்றின் வேலையன்று. எந்தக் கட்டை யார் பேணினர், எது ஏன் உடைந்தது என்பதை நாளைய உழவனுக்கு விட்டுச்செல்லும் பணியாகும்.