பெட்டி வீடாகுமுன்

மணலியிலும் மாதவரத்திலும் அடுக்கின்மேல் அடுக்காக நிற்கும் கண்டெய்னர்களைக் கண்டு, மணலும் சிமெண்டும் விற்கிற விலையில் இவற்றில் ஒன்றை வாங்கிச் சன்னல் வெட்டிக் குடியேறிவிடலாமே என்று எண்ணுகிற குடும்பத்தாரின் ஆசையை நான் குறைகூறமாட்டேன். ஆனால் முன்பணம் கொடுப்பதற்கு முன்னால், கதவைச் சாத்தச் சொல்லி அவர்கள் ஐந்து நிமிஷம் அந்தப் பெட்டிக்குள் நின்று பார்க்கவேண்டும். துரு தின்ற இடங்களிலெல்லாம் வெளிச்சம் ஊசிமுனைபோல் எட்டிப்பார்க்கும்.

பிறகு கதவில் அறைந்திருக்கும் உலோகத் தகட்டைப் படிக்கவேண்டும். பெட்டி செய்யப்பட்ட காலமும், தரைப்பலகைக்கு ஏற்றிய மருந்தின் விவரமும் பெரும்பாலும் அதில் பொறித்திருக்கும். தேசம்விட்டுத் தேசம் பூச்சிகள் பிரயாணம் செய்யாதபடி ஊட்டப்பட்ட அந்த விஷம், கைக்குழந்தை தவழும் தரைக்கு ஆகாது. ஆகையால் பழைய பலகையை அகற்றிப் புதியது போடுவதே உத்தமம். பழைய பெயிண்டில் ஈயம் கலந்திருக்கக்கூடுமாதலால், அதைச் சுரண்டுகிற தொழிலாளிக்கு முகக்கவசம் கொடுப்பதும் அவசியம்.

பெட்டியின் பலமெல்லாம் நான்கு மூலைத் தூண்களில் இருக்கிறது. அத்தூண்களின்மேல் சரக்கேற்றிய வேறு பெட்டிகளை அடுக்கினாலும் அசையாத அதே பெட்டி, ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் கனமேயுள்ள கூரைத் தகட்டின் நடுவில் 1,000 லிட்டர் தண்ணீர்த் தொட்டியை, அதாவது ஒரு டன் பாரத்தை, வைத்தால் குழிந்துவிடும். நெளிவுச் சுவரை வாசலுக்காக வெட்டினால், வெட்டிய இடத்தைச் சுற்றி இரும்புச் சட்டம் வைத்து வெல்டிங் செய்யவேண்டும். உள் அகலமோ எட்டடிக்கும் குறைவு. வெப்பத் தடுப்பு வைத்தால் அது இன்னும் சுருங்கும், வைக்காவிட்டால் சித்திரை வெயிலில் உள்ளே இருக்கமுடியாது. மின்கசிவு நேர்ந்தால் இரும்பு வீடு முழுவதும் மின்சாரம் பாயுமாதலால், முறையான எர்த்தும், கசிவு கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் இல்லாமல் ஒருநாளும் அதில் படுக்கலாகாது.

இனி, பத்திரங்களின் விஷயம். வெளிநாட்டுக் கண்டெய்னர்கள் ஆறு மாதத்துக்குள் திருப்பி அனுப்பவேண்டுமென்ற நிபந்தனையின்பேரில் சுங்கத் தீர்வையின்றி உள்ளே வருகின்றன. அப்படி வந்த பெட்டி இங்கே விற்கப்பட்டால், தீர்வை செலுத்திய அத்தாட்சியைக் கேட்டுப் பெறுவது வாங்குபவரின் உரிமை. 'தூக்கிப்போகிற பெட்டிதானே, அனுமதி எதற்கு?' என்று விற்பவர் சொல்வதை நம்பலாகாது. குடியிருக்க வைத்த இரும்புக் கூடும் கட்டடமாகவே கருதப்படுமாதலால், உள்ளாட்சி அலுவலகத்தில் எழுதிக் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கிவைக்கவேண்டும்.

பெட்டியை வீடாக்கித் தருவதாகச் சொல்லி, வாக்களித்தபடி வேலை செய்யாதவர்மீது, 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், இரண்டு வருஷத்துக்குள் மாவட்ட ஆணையத்தில் புகார் செய்யலாம். செலுத்திய தொகை 5 லட்சம் வரையானால் கட்டணமில்லை. வக்கீல் வைத்தே தீரவேண்டுமென்பதுமில்லை. முதலில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். எதற்கும் ஆதாரம் ரசீதுதான். பெட்டியின்மேலுள்ள நான்கு எழுத்தும் ஏழு இலக்கமும் அந்த ரசீதில் ஏறாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.