ஸ்டிக்கரில் 3200, திரையில் 2666! - ரேமின் வேகம் குறைவதேன்?

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி)

கணிப்பொறி என்றதும் திரையும் விசைப்பலகையுமே நம் கண்முன் வந்து நிற்கின்றன. பெட்டிக்குள்ளே மதர்போர்டின் மீது நெட்டுக்குத்தாகச் செருகப்பட்டிருக்கும் ரேம் என்னும் சிறு பட்டையை நினைப்பவர் சிலரே. பிராசசரைக் கணக்குப் போடும் கெட்டிக்கார மாணவி என்று வைத்துக்கொண்டால், அவள் முன்னே புத்தகங்களை விரித்து வைத்திருக்கும் மேசைதான் ரேம். அலமாரியாகிய ஹார்ட் டிஸ்கிலிருந்து எடுத்தவை எல்லாம் முதலில் இந்த மேசைக்கு வர வேண்டும். மேசை எவ்வளவு பெரியது என்பதை 8 ஜி.பி., 16 ஜி.பி. என்று சொல்கிறோம். மேசையிலிருந்து கைக்கு எவ்வளவு விரைவாக வந்து சேருகிறது என்பதே ரேமின் வேகம்.

இவ்வாண்டு எங்கள் பள்ளி ஆய்வகத்தின் ஆறு கணிப்பொறிகளுக்குப் பெற்றோர் மனமுவந்து அளித்த நன்கொடையில் புதிய ரேம் வாங்கினார்கள். ஒவ்வொரு பட்டையின் ஸ்டிக்கரிலும் டி.டி.ஆர்.4-3200 என்று அச்சிட்டிருந்தது. செருகிப் பார்த்தால் ஐந்து கணிப்பொறிகள் 2666 என்றும் ஒன்று 2400 என்றும் காட்டின. பெற்றோர் கூட்டத்தில் ஒரு தந்தையார் எழுந்து, "கடைக்காரர் நம்மை ஏமாற்றிவிட்டாரோ?" என்று கேட்டார். நியாயமான கேள்வி! எல்லாரும் உழைத்துச் சேர்த்த பணமல்லவா? ஆகவே ஆசிரியையின் துணையோடு நாங்கள் ஒவ்வொன்றாகச் சோதித்து அறிந்தவற்றைத் தோழியருக்கும் பெற்றோருக்கும் எடுத்துரைக்க விரும்புகிறோம்.

முதலில் அந்த எண்ணையே சற்றுப் புரிந்துகொள்வோம். டி.டி.ஆர். வகை ரேமில் கடிகாரத் துடிப்பு ஏறும்போது ஒரு முறையும் இறங்கும்போது ஒரு முறையும் செய்தி கைமாறுகிறது. ஊஞ்சல் ஒரு தடவை போய்த் திரும்புவதற்குள் நடுவிடத்தை இரு தடவை கடக்கிறதல்லவா, அதுபோல. ஆகவே 3200 என்று விற்கும் ரேமின் உண்மையான துடிப்பு நொடிக்கு 160 கோடி, அதாவது 1600 மெகாஹெர்ட்ஸ்தான். சி.பி.யு.-இசட் என்னும் இலவச மென்பொருள் இந்த 1600-ஐயே காட்டும். அதைக் கண்டு பாதி வேகம் போய்விட்டது என்று தலையில் கை வைத்துக்கொள்பவர் பலர். அந்த எண்ணை இரண்டால் பெருக்கிப் பார்த்தாலே பாதிப் பேருடைய கவலை தீர்ந்துவிடும்! விண்டோஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரி என்பதைத் திறந்தால் பெருக்கிய எண்ணே இருக்கும். எத்தனை ஸ்லாட்டுகளில் ரேம் இருக்கிறது என்பதும் அங்கேயே தெரியும்.

பெருக்கிப் பார்த்த பின்னும் எண் குறைவாக இருந்தால்தான் ஆராய வேண்டும்.

ரேமின் வேகத்தை ரேம் மட்டும் தீர்மானிப்பதில்லை. பட்டை, மதர்போர்டு, பிராசசர் ஆகிய மூன்றும் ஒத்துக்கொண்ட வேகமே நடைமுறைக்கு வரும். விளையாட்டு விழாவில் மூன்று கால் ஓட்டம் ஓடுகிறோமே, அங்கே ஜோடியின் வேகம் மெதுவாக ஓடுபவளின் வேகம்தானே? எங்கள் ஆய்வகக் கணிப்பொறிகளில் இருப்பது 2020-இல் வெளிவந்த இன்டெல் கோர் ஐ5-10400 பிராசசர். அது டி.டி.ஆர்.4 ரேமை 2666 வரையில்தான் இயக்கும் என்று இன்டெல் நிறுவனமே தன் விவரக் குறிப்பில் கூறியுள்ளது. அதைத் தாங்கி நிற்பதோ எச்410 வகை மதர்போர்டு. சிக்கன விலையுள்ள அந்தப் போர்டு, பிராசசருக்கு விதித்த எல்லையைத் தாண்ட விடாது. ஆக, 3200 ரேமைப் போட்டாலும் சரி, 3600 ரேமைப் போட்டாலும் சரி, கிடைப்பது 2666தான். கடைக்காரர் கொடுத்த பொருள் நல்ல பொருளே. 3200 ஓடக்கூடிய வேறு கணிப்பொறியில் செருகினால் அது 3200-இலேயே ஓடும். வாங்குமுன் பிராசசரின் பெயரை அவர் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்பது மட்டும் எங்கள் எண்ணம்.

ஐந்து கணிப்பொறிகளின் கதை இது. ஆறாவதில் பழைய 4 ஜி.பி. பட்டையை எடுக்காமல், பக்கத்து ஸ்லாட்டில் புதிய 8 ஜி.பி. பட்டையைச் செருகியிருந்தார்கள். பழையது 2400 வேகத்தது. இரண்டு பட்டைகள் ஒரே போர்டில் இருந்தால் குறைந்த வேகமுள்ளதன் வழிக்கே மற்றதும் வர வேண்டும். பழையதைக் கழற்றினால் 2666 வந்துவிடும். ஆனால் 12 ஜி.பி. 8 ஆகிவிடும். மேலும் இரு பட்டைகள் இருக்கும்போது பிராசசருக்கு இரு வழிகள் திறக்கின்றன. ஒற்றைப் பட்டைக்கு ஒரே வழி. வேகத்தில் சிறிது இழந்தாலும் இடமும் வழியும் கூடுதலாக இருப்பதே மேல் என்று முடிவு செய்து, அதை அப்படியே விட்டுவிட்டோம். புத்தம்புது எண்ணைத் திரையில் பார்க்க வேண்டும் என்பதற்காக நல்ல பட்டையைக் குப்பையில் போடுவது எங்களுக்குச் சரியாகப் படவில்லை.

இனி, அதிகமாக நேரிடும் காரணத்துக்கு வருவோம். எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் அண்ணன் ஏ.எம்.டி. ரைசன் பிராசசரும் பி450 மதர்போர்டும் உள்ள கணிப்பொறி வைத்திருக்கிறார். அவை 3200-க்குத் தடை சொல்லாதவை. இருந்தும் அவருடைய 3200 ரேம் 2133-இலேயே ஓடியது. மூன்றில் ஒரு பங்கு வேகம் போயிற்று! காரணம் இதுதான். ஒவ்வொரு பட்டையிலும் எஸ்.பி.டி. என்ற சின்னஞ்சிறு சில்லு ஒன்று உண்டு. பட்டையின் ஜாதகம் அதில் எழுதப்பட்டிருக்கும். ஜெடெக் என்னும் தரநிர்ணய அமைப்பு வகுத்த பத்திரமான வேகங்கள் அதில் முதலில் இருக்கும். கணிப்பொறி விழித்தெழும்போது அதைப் படித்து அந்த வேகத்தையே பின்பற்றும். ஸ்டிக்கரில் பெரிதாக அச்சிட்ட வேகமோ எக்ஸ்.எம்.பி. என்ற தனிப் பக்கத்தில் இருக்கிறது. இன்டெல் நிறுவனம் 2007-இல் கொண்டுவந்த ஏற்பாடு அது. டி.டி.ஆர்.5 ரேமுக்கு ஏ.எம்.டி. நிறுவனமும் 2022-இல் எக்ஸ்போ என்ற பெயரில் இத்தகைய ஏற்பாட்டைச் செய்தது. இந்தப் பக்கத்தைப் படி என்று நாம் சொன்னால்தான் கணிப்பொறி படிக்கும்.

அதைச் சொல்லும் இடம் பயாஸ். கணிப்பொறியைப் போட்டவுடன் டெலீட் அல்லது எஃப்2 விசையைத் தட்டிக்கொண்டே இருந்தால் பயாஸ் திறக்கும். அங்கே எக்ஸ்.எம்.பி. என்றோ, அசுஸ் நிறுவனத்தின் ஏ.எம்.டி. போர்டுகளில் டி.ஓ.சி.பி. என்றோ இருக்கும். அதை இயக்கி, சேமித்து வெளியே வந்தால் போதும். ஸ்குரூ டிரைவருக்கு வேலையே இல்லை. ஒரு பைசா செலவும் இல்லை. சில வேளைகளில் கணிப்பொறி இரண்டு மூன்று முறை தானே அணைந்து எழும். பயப்பட வேண்டாம், புது வேகத்தைப் பழகிப் பார்க்கிறது. பழக முடியாவிட்டால் பெரும்பாலான போர்டுகள் பழைய வேகத்துக்கே திரும்பிவிடும்.

ஸ்டிக்கரில் 1.35 வோல்ட் என்றிருக்கும் டி.டி.ஆர்.4 பட்டை பெரும்பாலும் எக்ஸ்.எம்.பி. வகையைச் சேர்ந்தது. 1.2 வோல்ட் என்று போட்ட 3200 பட்டைகள் பொதுவாக ஜெடெக் வேகத்திலேயே 3200 ஓடும். பிராசசர் இடம் கொடுத்தால் எக்ஸ்.எம்.பி. இல்லாமலே வேகம் வரும். வாங்கும்போது இந்தச் சிறு எழுத்தைப் பார்த்துவிட்டால் பின்னால் எவ்வளவோ அலைச்சல் மிச்சம்.

அந்த அண்ணனுக்கு வேறொரு தொல்லையும் இருந்தது. எக்ஸ்.எம்.பி.யை இயக்கி வைப்பார். மின்சாரம் போய் வந்தால் மறுபடியும் 2133! கணிப்பொறியின் கடிகாரமும் என்றோ கழிந்துபோன தேதியைக் காட்டியது. மதர்போர்டின் மேல் சி.ஆர்.2032 என்ற, காசு போன்ற வட்ட பேட்டரி இருக்கிறது. மின்சாரம் இல்லாதபோது தேதியையும் பயாஸ் அமைப்புகளையும் காப்பது அதன் வேலை. அது தீர்ந்துபோயிருந்தது. புது பேட்டரி போட்டதும் வேகமும் நிலைத்தது, தேதியும் நிலைத்தது.

இத்தனை பாடுபட்டு என்ன லாபம் என்று கேட்கலாம். கணக்குப் போட்டுக் காட்டுகிறோம். ஒரு முறை செய்தி கைமாறும்போது 8 பைட் வீதம் 3200 ரேம் ஒரு வழியில் நொடிக்கு 25.6 ஜிகாபைட் தரும். 2666 என்றால் 21.3. அதே 2666 பட்டை இரண்டு போட்டு இரு வழிகள் திறந்தாலோ 42.6! ஒற்றை 3200 பட்டையைவிட இது எவ்வளவோ அதிகம். கடிதம் தட்டச்சு செய்யவும் பாடப் படங்கள் பார்க்கவும் 3200-க்கும் 2666-க்கும் உள்ள வித்தியாசத்தை நம் கை உணராது. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத கணிப்பொறியில் படம் வரையும் வேலைக்கும் இதே ரேம்தான் உதவுகிறது. அங்கே வித்தியாசம் தெரியும். ஆனால் 4 ஜி.பி.யோடு திணறும் கணிப்பொறிக்கு வேகம் தேடுவதைவிட இன்னொரு பட்டை சேர்ப்பதே நல்லது.

வேகத்தைக் கூட்டிய பின் ஒன்றை மட்டும் விட்டுவிடலாகாது. மெம்டெஸ்ட்86 என்ற சோதனையை ஓர் இரவு முழுவதும் ஓட விட வேண்டும். நல்ல ரேமில் ஒரு பிழைகூட வராது. ஒன்றே ஒன்று வந்தாலும் எக்ஸ்.எம்.பி.யை நிறுத்தி, அல்லது ஒரு படி வேகத்தைக் குறைத்து, மறுபடியும் சோதிக்க வேண்டும். தவறும் ரேம் சத்தம் போடுவதில்லை. மதிப்பெண் பட்டியலில் ஓர் எண்ணை மாற்றிவிட்டுப் பேசாமல் இருந்துவிடும். பழைய வேகத்திலும் பிழை தொடர்ந்தால் அப்போதுதான் பட்டையைக் கழற்றிக் கடைக்கு எடுத்துச் செல்ல வேண்டும்.

பயாஸின் புதிய பதிப்பை ஏற்றினால் சில போர்டுகளில் ரேம் நன்றாக ஒத்துழைக்கும் என்பது உண்மையே. ஏற்றிய பின் எக்ஸ்.எம்.பி.யை மீண்டும் இயக்க வேண்டியிருக்கும். ஆனால் ஏற்றிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால் போர்டே செத்துப்போகலாம். யு.பி.எஸ். இல்லாத வீட்டில், அதிலும் மழைக்கால மாலை வேளையில், இந்தப் பரீட்சை வேண்டாம்.