கம்ப்யூட்டருக்குத் தீர்த்தாபிஷேகம்!

அரூரிலிருந்து பஸ் ஏறினால் தீர்த்தமலை. அடிவாரத்தில் ஊர், மலை மேல் தீர்த்தகிரீஸ்வரர். ராவண யுத்தம் முடிந்து திரும்பிய ராமர் இங்கே சிவபூஜை செய்ய நினைத்தாராம். கங்கை ஜலம் கொண்டுவர அனுமாரைக் காசிக்கு அனுப்பினார். போனவர் வந்தபாடில்லை. நேரம் ஆகிறதே என்று ராமர் பாறையில் ஓர் அம்பு விட்டார். தீர்த்தம் கொட்டியது. லேட்டாக வந்த அனுமார் கோபத்தில் வீசியெறிந்த குடம் போய் விழுந்த இடம்தான் தென்பெண்ணைக் கரையில் இருக்கும் அனுமந்தீர்த்தம் என்கிறது தல புராணம்.

டெலிவரி தாமதம், மாற்று ஏற்பாடு, கேன்ஸலான ஆர்டர்... கம்ப்யூட்டருக்கு ஆன்லைனில் பார்ட்ஸ் ஆர்டர் போட்டவர்களுக்கு இந்தக் கதை நன்றாகவே புரியும்.

இந்த மலையடிவாரத்தில் ஒரு தம்பி இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அரூரில் ஆபீஸ் வேலை. மூணு வருஷமாகச் சேர்த்த பணம் பேங்கில் இருக்கிறது. கேம் ஆட ஒரு கம்ப்யூட்டரைத் தானே அசெம்பிள் செய்ய வேண்டும், அதுவும் குழாய் குழாயாக ஓடி, தண்ணீரால் குளிர்கிற கம்ப்யூட்டர் வேண்டும் என்று ஆசை.

‘‘ஏன்டா, வீட்டுக்கே ரெண்டு நாளைக்கு ஒரு வாட்டிதான் தண்ணி வருது. இதுல கம்ப்யூட்டருக்கு வேறயா?’’ என்று அம்மா கேட்காமல் இருப்பாரா?

கவலை வேண்டாம் அம்மா. அதற்கு வேண்டியது ஒரு லிட்டர்தான். செலவு தண்ணீரில் இல்லை, மற்றதில்தான்!

தண்ணீர் ஒரு சுமைகூலி

முதலில் ஒரு தப்பபிப்பிராயத்தைத் துடைத்துவிடலாம். தண்ணீர் குளிர்ச்சியை உண்டாக்காது. சூட்டை ஓரிடத்தில் ஏற்றி இன்னோர் இடத்தில் இறக்கி வைக்கும். அவ்வளவுதான் அதன் உத்தியோகம்.

புல்லட் மோட்டார் சைக்கிளின் என்ஜினைப் பாருங்கள். வரிவரியாக உலோகச் சிறகுகள். காற்று பட்டால் சூடு போய்விடும். லாரிக்கு அது போதாது. என்ஜினைச் சுற்றித் தண்ணீர் ஓடி, சூட்டை முன்னால் இருக்கும் ரேடியேட்டருக்குக் கொண்டுபோகும். தொப்பூர் கணவாயில் ஏறும் லோடு லாரிக்காரரைக் கேட்டால் ரேடியேட்டரின் அருமையைச் சொல்வார். கம்ப்யூட்டரிலும் இதே கதைதான். ஒரே கன அளவுக்குப் பார்த்தால் தண்ணீர் காற்றைப் போல மூவாயிரம் மடங்குக்கு மேல் சூடு சுமக்கும்.

அந்தக் காலத்தில் இது தேவைப்படவில்லை. 1993-ல் வந்த முதல் பென்டியம் ப்ராசசர் சுமார் 15 வாட் சாப்பிட்டது. இன்று இன்டெல்லின் ஐ9-14900கே உச்சத்தில் 253 வாட் கேட்கிறது. என்விடியாவின் ஆர்.டி.எக்ஸ். 4090 கார்டுக்கு 450 வாட். 2025-ல் வந்த 5090-க்கு 575! சாப்பிட்டதெல்லாம் கடைசியில் சூடாகத்தான் வெளியே வரும். மேஜைக்கு அடியில் ஓர் இஸ்திரிப் பெட்டியை வைத்துக்கொண்டு விளையாடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய இடத்துச் சங்கதி

இது கேம் ஆடும் பையன்கள் கண்டுபிடித்த கூத்து இல்லை. 1980-ல் ஐ.பி.எம். அறிவித்த 3081 என்ற பெரிய கம்ப்யூட்டர் தண்ணீரால் குளிர்ந்தது. 1985-ல் வந்த கிரே-2 சூப்பர் கம்ப்யூட்டரில் சர்க்யூட்டையே மின்சாரம் கடத்தாத ஒரு திரவத்தில் முக்கி வைத்தார்கள். ‘பபிள்ஸ்’ என்று அதற்குச் செல்லப் பெயர்!

நம் ஊரிலும் உண்டு. திருச்சி என்.ஐ.டி.யில் 2022 மே 25-ம் தேதி திறக்கப்பட்ட ‘பரம் பொருள்’ சூப்பர் கம்ப்யூட்டரும் திரவத்தால் குளிர்வதுதான். 838 டெராஃப்ளாப். அதாவது விநாடிக்கு 838 லட்சம் கோடி கணக்குப் போடும் வேகம். சிப்பின் மேலேயே திரவத்தை ஓட்டிச் சூட்டை வாங்குவதால் ஏ.சி. செலவு குறைகிறது. செயற்கை அறிவுக்காக என்விடியா செய்யும் ஒரே ஒரு அலமாரி சுமார் 120 கிலோவாட் இழுக்கிறது. ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டி 120-ஐ ஒரே பீரோவில் அடுக்கிய மாதிரி. அங்கெல்லாம் திரவம் ஆடம்பரம் இல்லை, அத்தியாவசியம். நம் தம்பிக்கு அது எது என்பதுதான் கேள்வி.

மண்பானையும் ரேடியேட்டரும்

சித்திரை வெயிலில் மண்பானைத் தண்ணீர் ஜில்லென்று இருக்கிறதே, எப்படி? பானையில் கசியும் நீர் ஆவியாகிறது. ஆவியாகும்போது உள்ளே இருக்கும் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. அதனால் அறையைவிடப் பானை குளிர்ந்துவிடுகிறது.

கம்ப்யூட்டர் குழாய் மூடிய சுற்று. எதுவும் ஆவியாகாது, ஆகவும் கூடாது. ஆகவே அந்தத் தண்ணீர் அறையின் சூட்டுக்குக் கீழே ஒருநாளும் போகாது. இந்த ஒரு வரியை யாரும் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடுவதில்லை.

கணக்கைப் பாருங்கள். மார்கழியில் அறை 22 டிகிரி. நல்ல ரேடியேட்டர் இருந்தால் தண்ணீர் அறையைவிடச் சுமார் 10 டிகிரி மேலே நிற்கும். அதாவது 32. அதே அறை மே மாதம் 36 டிகிரி ஆனால் தண்ணீர் 46. அதற்கு மேல் சிப் இன்னும் பதினைந்து, இருபது டிகிரி கூடுதலாக இருக்கும். இதில் ஆபத்து ஒன்றுமில்லை. 14900கே மாதிரி ப்ராசசர்கள் 100 டிகிரி வரை தாங்கும். ஆனால் ‘தண்ணி போட்டா ஜில்லுனு இருக்கும்’ என்று நினைத்தவருக்கு ஏமாற்றம்தான்.

இன்னொன்று. சூடு பெட்டியை விட்டுப் போகும், அறையை விட்டுப் போகாது. 500 வாட் சூட்டை வெளியேற்ற ஒரு டன் ஏ.சி.யின் பலத்தில் ஏழில் ஒரு பங்கு செலவாகும். கரண்ட் பில்? 500 வாட்டில் தினம் நாலு மணி நேரம் ஆடினால் நாளைக்கு 2 யூனிட், இரண்டு மாதத்துக்கு 120 யூனிட். 2016-ல் வீடுகளுக்கு அறிவித்தார்களே 100 யூனிட் இலவசம், அதை இந்தப் பெட்டி ஒன்றே விழுங்கி ஏப்பம் விட்டுவிடும்!

பேப்பர், பென்சில் முதலில்

சரி, ஆசை விடவில்லை. அப்படியானால் பெங்களூர் எஸ்.பி. ரோடுக்கோ, சென்னை ரிச்சி தெருவுக்கோ போகும் முன் ஒரு முழுநீள வெள்ளைத் தாளை எடுங்கள்.

முதல் வரி: எத்தனை வாட்? கார்டு 300, ப்ராசசர் 100 என்றால் 400. சத்தம் அதிகம் இல்லாமல் ஃபேன் ஓட வேண்டும் என்றால், 120 மில்லிமீட்டர் ரேடியேட்டர் ஒவ்வொன்றுக்கும் சுமார் 100 வாட் என்பது புழக்கத்தில் உள்ள தோராயக் கணக்கு. நாலு போதும். நம் ஊர் வெயிலுக்கு ஒன்று கூட. ஆக, 360 ஒன்று, 240 ஒன்று.

இரண்டாவது வரி: பெட்டியில் இடம் இருக்கிறதா? ரேடியேட்டர் கனம் 30 மி.மீ., ஃபேன் 25. மொத்தம் 55. ஸ்கேல் வைத்து அளக்காமல் வாங்கினால், ரேடியேட்டரைப் பரண் மேல்தான் வைக்க வேண்டியிருக்கும்.

மூன்றாவது வரி: கிராபிக்ஸ் கார்டுக்கான தண்ணீர் பிளாக். ஒரே பெயரில் வரும் கார்டுகளிலும் கம்பெனிக்குக் கம்பெனி உள் போர்டு வேறு. உங்கள் கார்டின் மாடலுக்கென்றே செய்த பிளாக் கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கார்டையே வாங்க வேண்டும். கார்டைக் கழற்றினால் வாரன்டி நிற்குமா என்பதையும் முன்பே கேட்டு வையுங்கள்.

நான்காவது வரி: ஃபிட்டிங். பார்க்க நட்டு மாதிரி சின்னதாக இருக்கும். ஆனால் பட்ஜெட்டைக் கவிழ்ப்பது அதுதான். ப்ராசசர் பிளாக்குக்கு 2, கார்டுக்கு 2, ரேடியேட்டர் இரண்டுக்கு 4, தொட்டியோடு சேர்ந்த பம்ப்புக்கு 2. ஆகப் பத்து. தண்ணீரை இறக்க அடியில் ஒரு வால்வு தனி. குழாயின் உள்ளளவு, வெளியளவு இரண்டும் ஃபிட்டிங்கோடு பொருந்த வேண்டும்.

ஐந்தாவது வரி: உலோகம். எல்லாம் செம்பு, பித்தளை, நிக்கல் பூச்சு என்று ஒரே குடும்பமாக இருக்கட்டும். நடுவில் ஓர் அலுமினிய ரேடியேட்டரைக் கொண்டுவந்து மாட்டினால்? இரண்டு வேறு உலோகம், நடுவில் தண்ணீர். பள்ளிக்கூடத்தில் அதற்குப் பெயர் பேட்டரி! அலுமினியம் மெல்ல மெல்லக் கரைந்துபோகும்.

முதல் தடவைக்கு வளையும் ரப்பர் குழாயே போதும். கண்ணாடி போலப் பளபளக்கும் கடினக் குழாயைச் சூடு காட்டி வளைக்க வேண்டும். ஒரு வளைவு பிசகினால் குழாய் குப்பைக்கு. தண்ணீர் முதலில் கார்டுக்குப் போகணுமா, ப்ராசசருக்குப் போகணுமா என்று தூக்கம் கெட வேண்டாம். நிமிஷத்துக்கு 4 லிட்டர் ஓடினால் 400 வாட் சூடும் சேர்ந்து தண்ணீரை ஒரு சுற்றில் ஒன்றரை டிகிரிதான் ஏற்றும். எந்த வரிசையானாலும் ஒன்றுதான்.

எந்தத் தீர்த்தம்?

தர்மபுரிக்காரர்களுக்குத் தண்ணீரைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இங்கே நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது இந்தியத் தரக்கட்டுப்பாட்டின் எல்லை. அதைத் தாண்டிய நீரைக் குடித்துப் பல்லில் கறையேறி, எலும்பு வளைந்து கஷ்டப்பட்டவர்கள் பலர். அதற்காகத்தான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் வந்தது. 2013-ல் தொடங்கிவைத்தார்கள்.

கம்ப்யூட்டருக்கு எதிரி ஃப்ளோரைடு இல்லை, கால்சியமும் மக்னீசியமும். வெந்நீர்ப் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அதேதான். பிளாக்குக்குள் இருக்கும் வாய்க்கால்கள் ஒரு மில்லிமீட்டர் அகலம்கூட இல்லாதவை. கொஞ்சம் உப்பு படிந்தாலே அடைப்பு. வீட்டு ஆர்.ஓ. தண்ணீரிலும் உப்பு மிச்சம் இருக்கும். மலைத்தீர்த்தம் தலையில் தெளித்துக்கொள்ள மட்டும்!

வேண்டியது காய்ச்சி வடித்த நீர். அதோடு துருவையும் பாசியையும் தடுக்கும் மருந்து. அல்லது இதற்கென்றே கலந்து விற்கும் கூலன்ட். வருஷம் ஒரு முறை இறக்கி மாற்ற வேண்டும். ‘இது கரண்டைக் கடத்தாது’ என்று டப்பாவில் எழுதியிருப்பதை நம்பி அலட்சியம் வேண்டாம். சுத்தமான நீரும் போர்டில் இருக்கும் தூசியைத் தொட்டதும் கடத்த ஆரம்பித்துவிடும்.

இருபத்துநாலு மணி நேரப் பரீட்சை

எல்லாம் மாட்டியாகிவிட்டது. உடனே ஆன் பண்ணி கேம் ஆட வேண்டும் என்று கை துறுதுறுக்கும். மூணு வருஷச் சேமிப்பு போவது இந்த இடத்தில்தான்.

மதர்போர்டு, ப்ராசசர், கார்டு எல்லாவற்றுக்கும் போகும் கரண்ட் ஒயர்களைப் பிடுங்கிவிடுங்கள். பம்ப் மட்டும் ஓடட்டும். மதர்போர்டு இல்லாமல் பவர் சப்ளையை ஓட்ட ஒரு சின்ன ஜம்பர் பிளக் கடையில் கிடைக்கும். தொட்டி பம்ப்பைவிட உயரத்தில் இருக்க வேண்டும். தண்ணீர் இல்லாமல் பம்ப் ஒரு நிமிஷம்கூட ஓடக்கூடாது. ஆகவே ஊற்றுவது, விட்டு விட்டு ஓட்டுவது, மறுபடி ஊற்றுவது. ஒவ்வொரு ஃபிட்டிங்குக்கும் கீழே டிஷ்யூ பேப்பர். அப்படியே இருபத்துநாலு மணி நேரம். பேப்பர் நனையவில்லை என்றால் பாஸ். நனைந்தால் நஷ்டம் ஒரு பேப்பர். இந்தப் பரீட்சைக்குப் பொறுமை இல்லை என்றால் நஷ்டம் ஒரு கார்டு.

நடுவில் கரண்ட் போனால்? பயம் இல்லை. பம்ப் நிற்கும்போது சூடும் சேர்ந்தே நின்றுவிடும். யு.பி.எஸ். போடுவது உங்கள் வேலை அழியாமல் இருக்க.

வேணுமா, வேணாமா?

ஒரு சாதாரண கேம் கம்ப்யூட்டரை நல்ல காற்று கூலரே பத்திரமாகப் பார்த்துக்கொள்ளும். ப்ராசசருக்கு மட்டும் போதும் என்றால் சீல் வைத்து வரும் ரெடிமேட் தண்ணீர் கூலர் இருக்கிறது. நாமே கோர்க்கும் முழுச் சுற்றுக்கு ஆகும் செலவில் நடுத்தர கிராபிக்ஸ் கார்டு ஒன்றே வாங்கிவிடலாம். விளையாட்டில் வேகம் வேண்டும் என்பவர் அந்தப் பணத்தை இன்னும் நல்ல கார்டில் போடுவதே புத்திசாலித்தனம். அதிக வாட் கார்டு வைத்திருப்பவர், ராத்திரியில் ஃபேன் இரைச்சல் பிடிக்காதவர், தன் கையால் ஒன்றைச் செய்து பார்க்க ஆசைப்படுபவர்... இவர்களுக்குத்தான் இந்தத் தீர்த்தம்.

ஆசைப்படுவதில் தப்பில்லை. கல்யாண மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் எத்தனை கேள்வி கேட்கிறோம்? அதில் பாதியை இதற்கும் கேட்டுவிட்டுப் பணத்தை எடுங்கள். அசெம்பிள் செய்ய மார்கழி நல்ல மாசம்தான். ஆனால் ‘ஜெயிச்சுட்டேன்’ என்று சொல்லச் சித்திரை வரைக்கும் பொறுத்திருங்கள்!