மீன் மேலே மிதக்கிறதா? மருந்துக்கு முன் மணியைப் பாருங்கள்

"ஐயா, விடியற்காலை குட்டைக்குப் போனால் மீனெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. என்ன மருந்து போடலாம்?" ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் டெல்டா மாவட்டங்களின் மீன் வளர்ப்போர் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கடைக்காரர் ஒரு புட்டியைக் கொடுப்பார், பக்கத்து வயல்காரர் சுண்ணாம்பு போடச் சொல்வார். இரண்டுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது, மீன் எத்தனை மணிக்கு மேலே வந்தது என்பதைத்தான்.

ஒரு ஏக்கர் குட்டையில் 2,000 கெண்டைக் குஞ்சுகள் விட்டு, பத்து மாதம் தவிடும் பிண்ணாக்கும் போட்டவருக்கு மீன் முக்கால் கிலோ, ஒரு கிலோ எடைக்கு வந்து நிற்கும். மூச்சுத் திணறலில் முதலில் சாவது அந்தப் பெரிய மீன்கள்தான். குஞ்சுகள் தப்பிவிடும், விற்பனைக்கு நின்றது போய்விடும். அதனால் காரணத்தைச் சரியாகக் கண்டுபிடிப்பது பணத்தைக் காப்பாற்றும் வேலை. அதற்கு நான்கு கேள்விகள் போதும்.

எந்த நேரம்?

நீரில் பச்சை நிறம் தரும் பாசி, பகலில் வெயிலை வாங்கி ஆக்சிஜனை வெளியிடுகிறது. இரவில் அதே பாசி மீனோடு சேர்ந்து ஆக்சிஜனைச் செலவு செய்கிறது. அடிச்சேறும் தன் பங்குக்கு இழுக்கிறது. எனவே விடிவதற்குச் சற்று முன்புதான் நீரில் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும். இரண்டு மூன்று நாள் தொடர்ந்து மூடாக்காக இருந்தால் பகலில் சேமிப்பு இல்லை, இரவில் செலவு மட்டும் நடக்கிறது. கெண்டை மீனுக்கு லிட்டருக்கு 5 மில்லிகிராம் ஆக்சிஜன் இருந்தால் நல்லது. 3-க்குக் கீழே போனால் தீனி எடுக்காது, 1-ஐ நெருங்கினால் சாகும்.

விடியற்காலையில் மேலே வந்து, வெயில் ஏறி ஒன்பது மணிக்குள் கீழே போய்விட்டால் அது ஆக்சிஜன் குறைவு. நண்பகலிலும் மேலேயே நின்றால் செவுளில் கோளாறு, அம்மோனியா அல்லது விஷம் என்று சந்தேகப்பட வேண்டும்.

எந்த மீன்?

ஆக்சிஜன் குறையும்போது முதலில் தவிப்பவை வெள்ளிக்கெண்டையும் கட்லாவும். அடுத்து ரோகு. அடியில் மேயும் மிர்கால் கடைசியாக வரும். மிர்காலும் மேலே வந்துவிட்டால் நிலைமை முற்றிவிட்டது என்று பொருள். இறால் விட்டிருந்தால் அது கரையோரம் ஏறி நிற்கும். கரையில் நின்று கையைத் தட்டினால் மீன் சட்டென்று கீழே போகிறதா என்றும் பார்க்க வேண்டும். போனால் அவகாசம் இருக்கிறது. அசையாமல் நின்றால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

விரால், தேளி, பனையேறிக் கெண்டை ஆகியவை வெளிக்காற்றையும் சுவாசிப்பவை. இவை அவ்வப்போது மேலே வந்து போவது இயல்பு, அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

எத்தனை மீன்?

பெரியதும் சிறியதும் ஒரே சமயத்தில், தலைப்பிரட்டையும் நீர்ப்பூச்சிகளும் சேர்ந்து செத்தால் அது பூச்சிமருந்தாக இருக்கலாம். சாவதற்கு முன் மீன் சுழன்று சுழன்று நீந்தும், துள்ளும். சைபர்மெத்ரின், லாம்டா சைகலோத்ரின் போன்ற மருந்துகள் மிகச் சிறிய அளவிலேயே மீனைக் கொல்லும். குறுவைக்கோ சம்பாவுக்கோ மருந்தடித்த வயலின் வடிகால் குட்டைக்குள் இறங்கியதா, காற்று எந்தப் பக்கம் அடித்தது என்று விசாரிக்க வேண்டும். யூரியா போட்ட வயலின் வடிநீரும் அம்மோனியாவைக் கொண்டுவரும். விஷத்தில் செத்த மீனை விற்கவோ சமைக்கவோ கூடாது. சுண்ணாம்பு தூவிப் புதைத்துவிட வேண்டும்.

எப்படி மிதக்கிறது?

ஒன்றிரண்டு மீன்கள் மட்டும் பக்கவாட்டில் சாய்ந்து, வயிறு உப்பி, செதில் தூக்கி நின்றால் அது பெரும்பாலும் பாக்டீரியா நோய். அவற்றை உடனே வெளியேற்ற வேண்டும். ஒரு மீனைப் பிடித்துச் செவுள் மூடியைத் தூக்கிப் பாருங்கள். நல்ல செவுள் ரத்தச் சிவப்பாக இருக்கும். வெளிறி, கோழை படிந்து, அழுகியிருந்தால் செவுள் நோய். உடம்பில் பொட்டுப் பொட்டாக ஒட்டி நகர்வது மீன்பேன். பேன் பிடித்த மீன் எதிலாவது உராய்ந்தபடி இருக்கும்.

உப்பிப்போய் மிதக்கும் செத்த மீனை வைத்து நோயைத் தீர்மானிக்க முடியாது. செத்த மீன் பெரும்பாலும் முதலில் அடியில் தங்கும், அழுகி வாயு சேர்ந்த பிறகே மேலே வரும். இன்று மிதப்பது நேற்றோ அதற்கு முன்போ செத்ததாக இருக்கலாம்.

உடனே செய்ய வேண்டியது

விடியற்காலைத் திணறலுக்கு மருந்து, நீரைக் கலக்கிக் காற்றேற்றுவதுதான். ஏரேட்டர் இருந்தால் ஓட்டுங்கள். இல்லையென்றால் ஆயில் இன்ஜினை வைத்து, குட்டையின் மேல்நீரை எடுத்து உயரத்திலிருந்து அதே குட்டையில் சிதறும்படி பாய்ச்சுங்கள். போர்செட், பில்டர் பாயிண்ட் தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு. குழாயை நீருக்குள் அமிழ்த்தாமல், வாயில் துளையிட்ட தகரத்தையோ கருங்கல்லையோ வைத்துச் சிதறவிட வேண்டும். எதுவும் இல்லாவிட்டால் நாலு பேர் இறங்கி, சேற்றைக் கிளறாமல் தென்னை மட்டையால் மேல்நீரை அடியுங்கள்.

அன்றும் மறுநாளும் தீனி, சாணம், உரம் எதுவும் வேண்டாம். வலை இழுக்க வேண்டாம், அடிச்சேறு கலங்கினால் இருக்கும் ஆக்சிஜனும் போய்விடும். சுண்ணாம்பையும் அவசரப்பட்டுக் கொட்டக் கூடாது. அது நீரின் காரத்தன்மையை உயர்த்தும். நீரில் அம்மோனியா இருந்தால், காரம் ஏற ஏற அதன் நச்சுத்தன்மை கூடும். திணறலுக்குப் போட்ட சுண்ணாம்பே மீனை முடித்துவிடும்.

வராமல் தடுக்க

முழங்கை வரை கையை நேராக நீருக்குள் விட்டுப் பாருங்கள். முழங்கை நனையும்போது உள்ளங்கை மங்கலாகத் தெரிந்தால் பச்சை அளவாக இருக்கிறது. பாதி தூரத்திலேயே கை மறைந்தால் பாசி அதிகம். தீனியைக் குறைத்து, கொஞ்சம் நீரை வெளியேற்றிப் புதுநீர் விட வேண்டும். மூடாக்கான நாட்களில் தீனியைப் பாதியாக்குங்கள் அல்லது நிறுத்துங்கள். அடர்த்தி அதிகமானால் பெரிய மீனை முன்கூட்டியே பிடித்து விற்றுவிடுவது லாபம். ஏரேட்டரை நள்ளிரவிலிருந்து விடியும் வரை ஓட்டுவதுதான் பலன் தரும்.

மின்சாரத்தை மட்டும் நம்ப முடியாது. 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் கரையைக் கடந்த பிறகு டெல்டாவில் பல ஊர்கள் நாள் கணக்கில் மின்சாரமின்றிக் கிடந்தன. புயலில் குட்டைக்குள் விழும் மட்டையும் தழையும் அழுகும்போது ஆக்சிஜனை உறிஞ்சும். மழைக்காலத்துக்கு முன்பே ஆயில் இன்ஜினை ஓட்டிப் பார்த்து வைப்பதும், விழுந்த தழையை அன்றே அள்ளுவதும் அவசியம்.

வீட்டில் பிள்ளைகள் வளர்க்கும் கண்ணாடித் தொட்டி மீனுக்கும் இதே கேள்விகள் பொருந்தும். எல்லா மீனும் மேலே வந்து வாயைத் திறந்தால் நீரை மாற்றிக் காற்றுக் குழாய் வைக்க வேண்டும். ஒரு தங்கமீன் மட்டும் தலைகீழாக மிதந்தால் பெரும்பாலும் தீனி மிஞ்சிய கோளாறு. இரண்டு நாள் பட்டினி போட்டு, பிறகு தீனியை ஊறவைத்துக் கொஞ்சமாகக் கொடுங்கள்.

நான்கு கேள்விகளுக்குப் பிறகும் காரணம் புரியாவிட்டால், வாய்வரை நிரப்பிய ஒரு லிட்டர் குட்டைத் தண்ணீரையும், உயிரோடு இருக்கும் நோயுற்ற மீன் ஒன்றிரண்டையும் எடுத்துக்கொண்டு மீன்வளத் துறை அலுவலகத்துக்கோ, தஞ்சாவூர் அருகே சூரக்கோட்டையிலுள்ள மீன்வளப் பல்கலைக்கழக மையத்துக்கோ செல்லலாம். மீன் மேலே வந்த நேரத்தையும், கடைசியாகக் குட்டையில் எதைப் போட்டீர்கள் என்பதையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அங்கே முதலில் கேட்கப்போவது அந்த இரண்டையும்தான்.