முந்நூறு வயது நோயாளி

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், ஒரு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பதிவுகளில் முந்நூறு வயது தாண்டிய நோயாளிகள் இருக்கிறார்கள். அவர்கள் வந்து சேர்ந்த ஆண்டோ 2100-க்கும் அப்பால். தட்டச்சுப் பிழை அல்ல. ஆள் தெரியாமலிருக்கப் போட்ட வேடம்.

ஒரு காலத்தில் இத்தகைய வேடம் மெல்லியதாக இருந்தது. 1990-களில் மாசசூசெட்ஸ் மாநில ஊழியர்களின் மருத்துவப் பதிவுகள் ஆய்வாளர்களுக்குத் தரப்பட்டன. பெயரும் முகவரியும் நீக்கியாயிற்று. பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீட்டு எண் ஆகியவை அப்படியே இருந்தன. எம்.ஐ.டி. ஆராய்ச்சி மாணவி லட்டான்யா ஸ்வீனி, கேம்பிரிட்ஜ் நகர வாக்காளர் பட்டியலை 20 டாலருக்கு வாங்கி ஒப்பிட்டார். அந்நகரில் வசித்த மாநில ஆளுநர் வில்லியம் வெல்ட் பிறந்த தேதியில் அங்கே 6 பேர். அதில் ஆண்கள் 3. அவருடைய அஞ்சல் எண்ணில் ஒரே ஒருவர். ஆளுநரின் நோய்விவரம் மாணவியின் மேசையில்!

அதற்காகப் பதிவுகளைப் பூட்டியே வைக்கலாமா? அதிலும் ஆபத்து உண்டு. பராக்செட்டின் மாத்திரை மனச்சோர்வுற்ற பதின்வயதினருக்குப் பலன் தரும், பாதகமில்லை என்றது 2001-ல் வந்த ஒரு கட்டுரை. வேறொரு குழு அந்தச் சோதனையின் மூலப் பதிவுகளைப் புரட்டி, பலனில்லை, தீங்குதான் கூடுதல் என்று பி.எம்.ஜே. மருத்துவ இதழில் எழுதியபோது 2015 ஆகிவிட்டது.

2018 ஜூலை முதல், மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழுவைப் பின்பற்றும் இதழ்களில் சிகிச்சைச் சோதனைக் கட்டுரை வர வேண்டுமென்றால், தரவைப் பகிர்வீர்களா, எதை, யாருக்கு, எப்போது என்று சொல்லியாக வேண்டும். 'பகிரமாட்டோம்' என்றும் எழுதலாம். ஆனால் அதையும் அச்சில் எழுத வேண்டும்.

வேடமும் தேறியிருக்கிறது. 'மிமிக்-3' எனப்படும் அந்த பாஸ்டன் தொகுப்பில் ஒவ்வொரு நோயாளியின் தேதிகளும் வெவ்வேறு அளவு எதிர்காலத்துக்குத் தள்ளப்பட்டுள்ளன. ஒருவருக்குள் எல்லாத் தேதியும் ஒரே அளவு நகர்வதால், காய்ச்சல் வந்த நாளுக்கும் மருந்து ஏறிய நாளுக்கும் உள்ள இடைவெளி கெடவில்லை. 89 வயதைத் தாண்டியவர்கள் ஊருக்குச் சிலரே என்பதால் அவர்களுக்கு அந்த முந்நூறு.

அப்படியும் கதவு சும்மா திறக்காது. பயிற்சிச் சான்றிதழ் காட்டி, ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும்: யாரென்று தேட மாட்டேன், தப்பித்தவறி அடையாளம் ஏதும் கண்ணில் பட்டால் உடனே தெரிவிப்பேன். வேடம் கலையக்கூடும் என்பதை ஸ்வீனி காட்ட வேண்டியிருந்தது. இப்போது தரவைக் கொடுப்பவர்களே அதை ஒப்புக்கொண்டு எழுதி வாங்குகிறார்கள்.