கட்டைவிரல் சொல்லும் நேரம்

சிலிண்டர் போரிங் முடிந்தது. கிராங்க் கிரைண்டிங் ஆகி வந்துவிட்டது. பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் புதிது. பிளாக்குக்குப் பளபளவென்று பெயின்டும் அடித்தாயிற்று. நல்ல நேரம் பார்த்துச் செல்ஃப் அடித்தால் கார்பரேட்டர் வழியாக 'டொப்' என்று ஒரு வெடி. மறுபடி அடித்தால் சைலன்சரில் ஒன்று. வேடிக்கை பார்க்க நின்றவர்கள் இரண்டடி தள்ளிப் போகிறார்கள். பழைய வில்லிஸ் ஜீப்புக்கு இன்ஜின் வேலை பார்த்தவர்களில் இந்தச் சத்தத்தைக் கேட்காதவர்கள் குறைவு.

ஓடிக்கொண்டிருந்த வண்டி நின்றால் பெரும்பாலும் கெட்டது ஒரு பொருள்தான். அதைத் தேடிப் பிடித்தால் போதும். பிரித்துக் கட்டிய இன்ஜின் அப்படியில்லை. அதில் எல்லாவற்றிலும் கை பட்டிருக்கிறது. பொருள்கள் நல்லவையாகவே இருக்கும், அவற்றைச் சேர்த்த விதத்தில் எங்கோ ஓரிடத்தில் பிசகியிருக்கும். அதனால் புதிய சாமான் கடையில் போய்ச் சண்டை போடுவதற்கு முன்னால், கடைசியாக எதைக் கழற்றி மாட்டினோம் என்று யோசிப்பது லாபம்.

இன்ஜினைப் பற்றிக் கொஞ்சம். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் டொலிடோ நகரத்து வில்லிஸ் ஓவர்லாண்ட் நிறுவனம் இரண்டாம் உலகப் போர் ஜீப்புகளுக்குப் போட்டது 'கோ டெவில்' இன்ஜின். நான்கு சிலிண்டர், 2.2 லிட்டர், 60 குதிரைத்திறன். நிறுவனத்தின் சாதாரணக் கார் இன்ஜினாக இருந்ததை டெல்மர் ரூஸ் என்ற பொறியாளர் உரமேற்றி இந்த நிலைக்குக் கொண்டுவந்தார். இதில் இரண்டு வால்வுகளும் பிளாக்கிலேயே, சிலிண்டருக்குப் பக்கத்தில் தலைநிமிர்ந்து நிற்கும். ஹெட் என்பது வெறும் மூடிதான். பின்னால் வந்த 'ஹரிக்கேன்' இன்ஜினில் காற்று உள்ளே வரும் வால்வை ஹெட்டுக்கு ஏற்றினார்கள். இன்ஜின் உயர்ந்தது, பானெட்டையும் உயர்த்த வேண்டியதாயிற்று. மகிந்திரா இங்கே பல ஆண்டுகள் தயாரித்த அந்த நெற்றி உயர்ந்த ஜீப் இதன் வழிவந்ததுதான். நான் இங்கே சொல்லப்போவது முதலாவதான கோ டெவிலைப் பற்றி.

வெடிச்சத்தத்துக்கு வருவோம். நாலு ஸ்ட்ரோக் இன்ஜினில் ஒரு சுற்று வேலை முடிய கிராங்க் இரண்டு முறை சுற்ற வேண்டும். அதற்குள் பிஸ்டன் இரண்டு முறை உச்சிக்கு வரும். ஒரு முறை பெட்ரோல் கலந்த காற்றை நெருக்கிக்கொண்டு வருகிறது. இன்னொரு முறை எரிந்த புகையைத் தள்ளிக்கொண்டு வருகிறது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். பொறி விழ வேண்டியது முதலாவதில். இரண்டாவதில் விழுந்தால், அப்போது உள்வால்வு திறக்கத் தொடங்கியிருக்குமாதலால், தீ வந்த வழியே திரும்பிக் கார்பரேட்டரில் வெடிக்கும்.

எது எந்த உச்சி என்று கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். முதல் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி, துளையைக் கட்டைவிரலால் அழுத்திக்கொள்ள வேண்டும். இன்னொருவர் முன்னால் ஹேண்டிலைப் போட்டு மெதுவாகச் சுற்ற வேண்டும். காற்று விரலைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தால் அது நெருக்கும் சுற்று. அங்கேயிருந்து ஃபிளைவீல் கூட்டிலுள்ள சிறு துவாரம் வழியாகப் பார்த்தபடி அடையாளக் கோடு வரும்வரை நகர்த்த வேண்டும். உச்சிக்கு 5 டிகிரி முன்னால் டிஸ்ட்ரிபியூட்டரின் பாயின்ட் திறந்து பொறி விழ வேண்டும் என்பது கணக்கு. டிஸ்ட்ரிபியூட்டர் முனைக்கும் எர்த்துக்கும் இடையே ஒரு பல்பை வைத்தால், பாயின்ட் திறக்கும் அந்த நொடியில் பல்பு எரியும்.

இங்கேதான் கோ டெவிலின் குறும்பு ஒன்று இருக்கிறது. டிஸ்ட்ரிபியூட்டரைச் சுற்றுவது ஆயில் பம்ப்! பம்ப் இன்ஜினின் இடப்பக்கம் வெளியில் மாட்டியிருக்கும். அதன் பல்சக்கரத்தைக் கேம்ஷாஃப்ட் சுழற்றும். வலப்பக்கமிருக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் நாக்கு, பம்ப் தண்டிலுள்ள காடியில் போய்ப் பொருந்தும். காடி நட்டநடுவில் இல்லாமல் சற்று ஒதுங்கியிருப்பதால் நாக்கு ஒரு விதமாக மட்டுமே உட்காரும். ஆகவே டிஸ்ட்ரிபியூட்டரை எப்படி மாட்டினாலும், நேரத்தைத் தீர்மானிப்பது பம்பின் பல் எந்தப் பல்லோடு கடித்திருக்கிறது என்பதுதான். ஆயில் வேலை பார்ப்பவர் ஒருவர், கரன்ட் வேலை பார்ப்பவர் ஒருவர் என்று இருக்கும் பட்டறைகளில் இது யார் பொறுப்பு என்பதே குழப்பமாகிவிடும்.

போடியில் என் மாமாவின் ஜீப்புக்கு நடந்தது இதுதான். வெடிக்கவில்லை, நன்றாகவே ஸ்டார்ட் ஆனது. ஊருக்குள் ஓடியது. மலைப்பாதையில் முதல் ஏற்றம் வந்ததும் மூச்சு வாங்கியது. ரேடியேட்டர் கொதித்தது. கார்பரேட்டர் மேல் பழி விழுந்து, அதை இரண்டு முறை கழற்றிக் கழுவினார்கள். "டிஸ்ட்ரிபியூட்டர அந்தக் கடைசி வரைக்கும் திருப்பியாச்சு சார், இன்னும் பத்தல" என்று மெக்கானிக் அண்ணன் சொன்னபோதுதான் பொறி தட்டியது. பம்ப் ஒரு பல் தள்ளி உட்கார்ந்திருந்தது. பொறி தாமதமாக விழுந்தால் எரியும் வாயு பிஸ்டனைத் தள்ளுவதற்குப் பதிலாக எக்ஸாஸ்ட் வழியையும் தண்ணீரையும் சூடாக்கும். பம்ப் வெளியிலேயே இருப்பதால் இன்ஜினை இறக்க வேண்டியிருக்கவில்லை.

பிளக் வயர்களும் ஏமாற்றும். எரியும் வரிசை 1-3-4-2. ரோட்டர் சுற்றுவது இடஞ்சுழியாக. பழக்கத்தில் கடிகாரத் திசையில் வயர்களைச் செருகிவிட்டால் ஒன்றும் நான்கும் சரியாகவே அமைந்துவிடும். இரண்டும் மூன்றும் இடம் மாறிவிடும். வண்டி பாதி உயிரோடு இருமிக்கொண்டே நிற்கும். பாதி வேலை செய்வதால் வயர் மேல் யாருக்கும் சந்தேகம் வராது.

அந்தப் பளபள பெயின்டுக்கும் ஒரு பங்கு உண்டு. ராணுவ ஜீப் 6 வோல்ட் வண்டி. அதே வேலைக்கு 12 வோல்ட் வண்டியைவிட இரண்டு மடங்கு கரன்ட் பாய வேண்டும், ஆகவே வழியில் சிறு தடை இருந்தாலும் செல்ஃப் முனகும். இன்ஜின் ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கிறது. சேசிஸோடு அதை இணைப்பது ஓர் எர்த் பட்டைதான். அதன் அடியில் பெயின்ட் பூசியிருந்தாலோ, பட்டையையே மாட்ட மறந்திருந்தாலோ, கரன்ட் வேறு வழி தேடும். செல்ஃப் அடிக்கும்போது சோக் கேபிள் சுட்டால் கரன்ட் தேடிய வழி அதுதான் என்று தெரிந்துகொள்ளலாம். உப்புத்தாள் கொண்டு ஒரு ரூபாய் அளவுக்குச் சுரண்டினால் போதும்.

அடுத்தது டாப்பெட். இந்த இன்ஜினில் வால்வுக்கும் அதைத் தள்ளும் டாப்பெட்டுக்கும் நடுவே பரவலாகச் சொல்லப்படும் இடைவெளி 0.016 அங்குலம், ஏறக்குறைய 0.4 மில்லிமீட்டர். சத்தம் கேட்கக்கூடாது என்று இறுக்கி வைப்பவர்கள் உண்டு. வால்வு சூடானால் நீளும். இடைவெளி போய்விட்டால் முழுக்க மூடாது. மூடாத எக்ஸாஸ்ட் வால்வைத் தீ நக்கி நக்கி ஓரத்தைத் தின்றுவிடும். லேசான டிக் டிக் சத்தத்தோடு ஓடும் ஜீப்பை எனக்குப் பிடிக்கும்.

இதையெல்லாம் பிரிக்காமலே பார்க்க வாக்குவம் கேஜ் என்றொரு மலிவான கருவி போதும். இன்டேக் மேனிஃபோல்டில் செருகி ஐட்லிங்கில் ஓடவிட்டால், நல்ல இன்ஜினில் முள் 18 முதல் 20 அங்குலத்தில் அசையாமல் நிற்கும். அசையாமல், ஆனால் தாழ்வாக நின்றால் டைமிங் தாமதம் அல்லது கேஸ்கட்டில் காற்றுக் கசிவு. சீரான இடைவெளியில் விழுந்து விழுந்து எழுந்தால் ஏதோ ஒரு வால்வு மூடவில்லை. மலையில் பார்ப்பவர்கள் ஒரு கழித்தல் போட வேண்டும்: ஆயிரம் அடிக்கு ஓர் அங்குலம் குறையும். ஊட்டி 7,000 அடிக்கு மேல். அங்கே முள் 12-இல் நின்றால் கவலைப்படத் தேவையில்லை. இது தெரியாமல் நல்ல இன்ஜினை மறுபடி பிரித்தவர்களும் இருக்கிறார்கள்.

புகையில் நீலம் தெரிந்தால் உடனே பயப்பட வேண்டாம். புது ரிங்கும் புதிதாகத் தேய்த்த சுவரும் ஒன்றையொன்று உரசிப் பழகச் சில நூறு கிலோமீட்டர் ஆகும். மணிக்கணக்கில் நிறுத்தி வைத்து ஐட்லிங்கில் ஓடவிடுவதுதான் தவறு. ரிங்கைச் சுவரோடு அழுத்துவது எரியும் வாயுவின் அழுத்தம். பாரம் இல்லாவிட்டால் அது போதாது, சுவர் வழவழப்பாகி ஆயிலைத் தாங்காது. அளவான வேகத்தில் மேடும் பள்ளமுமாக ஓட்ட வேண்டும். வெள்ளைப் புகை நிற்காமல் வந்து தண்ணீரும் குறைந்தால் மட்டும் ஹெட் கேஸ்கட்டையோ, வால்வு இருக்கைக்கும் சிலிண்டருக்கும் நடுவே விரிசலையோ தேட வேண்டியிருக்கும்.

மாமாவின் ஜீப் அடுத்த வாரம் ஏற்றம் ஏறியது. இறங்கி வந்ததும் மெக்கானிக் அண்ணன் இன்ஜினை ஆறவிட்டு, ஹெட் போல்ட்டுகளை வரிசைப்படி மறுபடி இறுக்கினார். பிறகு ஃபீலர் கேஜை எடுத்துக்கொண்டு மேனிஃபோல்டுக்கு அடியில் தலையை நுழைத்தார். டாப்பெட் மூடி அங்கேதான் இருக்கிறது, பார்க்கவும் முடியாது, கையும் சுளுவாகப் போகாது. "சூடு கொஞ்சம் இருக்கு, பரவால்ல" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. மாமா டார்ச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.